மாந்தோலிலிருந்து பெக்டினேஸ்: பூஞ்சை வளர்த்துத் தொழில்முறை நொதி தயாரிக்கும் வழிகாட்டி

சித்தூர், பங்காருபாளையம் பகுதிகளில் மே முதல் ஜூலை வரை மாங்கூழ் ஆலைகள் ஓடும்போது, உள்ளே வரும் பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தோலாகவும் கொட்டையாகவும் வெளியேறுகிறது. அள்ளாமல் விட்டால் மறுநாளே புளித்து, ஈ மொய்க்கும் இந்தத் தோலில் பெக்டின் என்னும் பசைப்பொருள் நிறைந்திருக்கிறது. அதைத் தின்று வளரும் பூஞ்சை, தின்பதற்காகவே பெக்டினேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. பழச்சாற்றின் கொழகொழப்பைக் குறைக்கவும், கலங்கலைத் தெளிய வைக்கவும் சாறு ஆலைகள் விலை கொடுத்து வாங்கும் பொருள் அதே நொதிதான். பலமநேர், குப்பம் தொடங்கிக் குடியாத்தம், நகரி, திருத்தணி வரை ஆந்திர, தமிழக எல்லையின் இருபுறமும் உள்ள கல்லூரி ஆய்வகங்களும் சிறுதொழில் முனைவோரும் ஒரு கிலோ மூலப்பொருளைக் கொண்டு இதைச் செய்து பார்க்கும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

திடப்பொருளின் மேல் பூஞ்சையை வளர்த்து நொதி எடுப்பது புதிய கலை அன்று. ஜப்பானிய வேதியியலாளர் ஜோக்கிச்சி தகமினே, கோதுமைத் தவிட்டில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையை வளர்த்து மாவுச்சத்தைக் கரைக்கும் நொதியை எடுக்கும் முறைக்கு 1894-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பெரிய தொட்டிகளில் திரவ ஊடகம் ஊற்றி வளர்க்கும் முறை பின்னாளில் பரவிய போதிலும், கழிவு மலிவாகவும் மின்சாரச் செலவு கவலைக்குரியதாகவும் உள்ள நம் போன்ற ஊர்களுக்குத் திடநிலை நொதித்தலே பொருந்தும். திருவனந்தபுரத்திலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனமான நிஸ்ட் இத்துறையில் நீண்ட காலம் ஆய்வு செய்திருக்கிறது.

எந்தக் கழிவு, எந்த நொதி

பூஞ்சையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வாங்குபவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நகரி, குடியாத்தம் பக்கத்துத் தறிகளில் பாவுக்குப் போடும் கஞ்சியை நீக்க, மாவுச்சத்தைக் கரைக்கும் அமைலேஸ் தேவைப்படுகிறது. அதற்கு அரிசித் தவிடும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயும் ஏற்றவை. கரும்புச் சக்கையிலும் வைக்கோலிலும் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையை வளர்த்தால், செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸ் கிடைக்கும். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் முடி நீக்கச் சுண்ணாம்புக்கும் சல்பைடுக்கும் மாற்றாக, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸ் பயன்படும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலைக்குப் பெரும்பாலும் காரநிலையில் இயங்குவதும், தோலின் கொலாஜனைத் தொடாததுமான நொதி வேண்டும் என்பதால், தொடக்கநிலையில் இருப்பவர் அதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பருத்தித் துணியைப் பதப்படுத்தவும் பெக்டினேஸ் பயன்படுகிறது, எனினும் அங்கே விரும்பப்படுவது பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் காரநிலை வகை. நாம் வளர்க்கப்போகும் கருப்புப் பூஞ்சையான ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் தரும் பெக்டினேஸ் அமிலநிலையில், பி.எச். 4 முதல் 5 வரை நன்கு இயங்கும். மாங்கூழின் அமிலத்தன்மையும் ஏறத்தாழ 4 என்பதால், தோல் கிடைக்கும் ஆலையிலேயே நொதிக்கும் வேலை இருக்கிறது.

தோலைச் சேகரித்து உலர்த்துதல்

இந்தப் பகுதியின் பருவநிலையில் ஒரு முரண் உண்டு. தோல் மலைபோல் குவியும் மே, ஜூன் மாதங்களில் வெயில் 40 பாகையை எட்டுகிறது, நைஜரோ 30 பாகை செல்சியஸில்தான் செழிக்கிறது. குளிரூட்டிய அறை இல்லாமல் கத்திரி வெயிலில் நொதித்தலைத் தொடங்கினால் தட்டிலுள்ள பூஞ்சை தன் சூட்டிலும் அறையின் சூட்டிலும் வெந்துபோகும். ஆகவே, வெயில் காலத்தை உலர்த்துவதற்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு, நொதித்தலை ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்களுக்குத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. ஆண்டு முழுதும் மூலப்பொருள் கையில் இருக்கும் வசதியும் இதனால் கிடைக்கிறது.

ஆலையிலிருந்து வெளிவந்த தோலை அன்றே எடுத்து, ஒருமுறை தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். தோலில் ஒட்டியிருக்கும் பழச் சர்க்கரை இரண்டு வகையில் கேடு செய்கிறது. ஈஸ்ட்டுகளை வரவழைப்பது ஒன்று. எளிதில் கிடைக்கும் சர்க்கரை இருக்கும்வரை பூஞ்சை பெக்டினைத் தேடிப் போகாமல், நொதி சுரப்பதைத் தள்ளிப்போடுவது மற்றொன்று. அதே சமயம் ஊறப்போட்டு அலசினால் பெக்டினும் கரைந்து போய்விடும் என்பதால், ஒருமுறை அலசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாம்பாலில் உள்ள சில வேதிப்பொருள்கள் சிலருக்குக் கையில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். ஆகவே கையுறை தேவை. பிழிந்த தோலைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, கையால் ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை உலர்த்தி, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்துவிட்டால் நனைந்தவுடன் களியாகி, காற்று உள்ளே புகாது. பெரிய துண்டுகளாக இருந்தால் பூஞ்சை மேற்பரப்போடு நின்றுவிடும். காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் அடுத்த பருவம் வரை தாங்கும்.

பூஞ்சையைப் பெறுதல்

அழுகிய மாம்பழத்திலிருந்தோ வெங்காயத்திலிருந்தோ கருப்புப் பூஞ்சணத்தைச் சுரண்டி எடுத்து வேலையைத் தொடங்கும் வழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. பாடப் பயிற்சிக்கு அது சரி, தயாரிப்புக்கு உதவாது. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் கருப்பு ஆஸ்பெர்ஜில்லஸ் வகைகளில் சில, ஆக்ராடாக்சின் என்ற நச்சைச் சுரப்பவை. சண்டிகரிலுள்ள எம்.டி.சி.சி., புனேயிலுள்ள என்.சி.ஐ.எம். ஆகிய நுண்ணுயிர்க் களஞ்சியங்களிலிருந்து, அடையாளம் உறுதி செய்யப்பட்ட, பெக்டினேஸ் சுரப்பு பதிவான விகாரத்தை (ஸ்ட்ரெயின், அதாவது ஓர் இனத்தின் உள்வகை) கட்டணம் செலுத்திப் பெறுவதே முறை. அப்படிப் பெற்றதையும் உணவுத் தொழிலுக்குப் பயன்படுத்த எண்ணினால் நச்சுச் சோதனை செய்தாக வேண்டும். உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் என்ற வளர்ப்பு ஊடகம் சாய்வாக உறைந்த குழாய்களில் 28 முதல் 30 பாகையில் ஆறு, ஏழு நாள் வளர்த்தால் குழாய் முழுவதும் கருமையான வித்துகள் படியும். அவற்றை 4 பாகைக் குளிரில் பாதுகாக்கலாம். ஒரே குழாயிலிருந்து மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்டே போனால் சுரப்புத் திறன் மங்கக்கூடும் என்பதால், வந்தவுடனேயே சில குழாய்களைக் கிளிசராலில் உறைய வைத்துவிடுவது நல்லது.

வித்துக் கரைசல்

நைஜரின் வித்துகள் நீரை ஏற்காமல் மிதக்கும் இயல்புடையவை. ஆகவே கிருமிநீக்கிய நீரில் ட்வீன்-80 என்ற திரவத்தை 0.1 விழுக்காடு கலந்து, சாய்வுக் குழாயில் பத்து மில்லிலிட்டர் ஊற்றி, வளையக் கம்பியால் மேற்பரப்பை மெல்லத் தேய்த்தெடுக்க வேண்டும். கிருமிநீக்கிய பஞ்சின் வழியே வடித்தால் இழைகள் நின்று வித்துகள் மட்டும் இறங்கும். நுண்ணோக்கியில் வைத்து வித்துகளை எண்ண உதவும் நியூபவர் கண்ணாடியில் ஒரு பெரிய சதுரத்தின் கொள்ளளவு ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நூறு மடங்கு நீர்த்த கரைசலில் சதுரத்துக்குச் சராசரி 90 வித்துகள் தெரிந்தால், 90-ஐப் பத்தாயிரத்தாலும் நூறாலும் பெருக்கி, மில்லிலிட்டருக்கு 9 கோடி வித்துகள் என்று கொள்ளலாம். உலர் பொருள் ஒரு கிராமுக்கு ஒரு கோடி வித்து என்பது நல்ல அளவு.

கலவையும் ஈரமும்

மாந்தோலில் புரதம் குறைவு. எனவே 500 கிராம் தோலுடன் 500 கிராம் கோதுமைத் தவிடு சேர்த்தால் தழைச்சத்தும் கிடைக்கும், கலவைக்கு உள்வெளியும் உண்டாகும். ராயலசீமையில் கடலைப் பிண்ணாக்கு மலிவு என்பதால் தவிட்டுக்குப் பதில் அதைப் போடத் தோன்றும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் தொற்றி அஃப்ளாடாக்சின் படிந்த பிண்ணாக்கு சந்தையில் கலந்து வரக்கூடும் என்பதால் நான் அதைத் தவிர்த்துவிடுவேன்.

நனைப்பதற்கான உப்புக் கரைசலில், ஒரு லிட்டர் நீருக்குப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2 கிராம், அம்மோனியம் சல்பேட் 1.4 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.3 கிராம், கால்சியம் குளோரைடு 0.3 கிராம் சேர்த்து, பி.எச்.-ஐ 4.5 முதல் 5-க்குள் கொண்டுவாருங்கள். இந்தப் புளிப்பு பூஞ்சைக்கு இடைஞ்சல் இல்லை, பாக்டீரியாக்களுக்கு ஆகாது.

இனி ஈரக் கணக்கு. இந்தத் தொழிலில் தோல்விகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. ஒரு கிலோ கலவையில் ஏற்கெனவே 10 விழுக்காடு ஈரம் இருந்தால், அதில் உண்மையான உலர் பொருள் 900 கிராம், நீர் 100 கிராம். முடிவில் 60 விழுக்காடு ஈரம் வேண்டுமானால் உலர் பொருள் 40 விழுக்காடாக இருக்க வேண்டும். அதாவது 900-ஐ 0.4-ஆல் வகுக்க வரும் 2250 கிராம் மொத்த எடை ஆக வேண்டும். தேவையான நீர் 1350, ஏற்கெனவே இருப்பது 100, ஆகச் சேர்க்க வேண்டியது 1250 மில்லிலிட்டர். அதில் 100 மில்லிலிட்டர் வித்துக் கரைசலாகப் பின்னர் வரும் என்பதால், இப்போது ஊற்ற வேண்டிய உப்புக் கரைசல் 1150 மில்லிலிட்டர்தான். அந்த நூறு மில்லிலிட்டரில் மில்லிலிட்டருக்கு 9 கோடி வித்து இருந்தால், 900 கிராமுக்குத் தேவையான 900 கோடி வித்துகளும் சேர்ந்துவிடும். கணக்கு சரியா என்று கையும் சொல்லும். பிசைந்த கலவை புட்டு மாவைப் போல, பிடித்தால் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிழியும்போது விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் மிகுதி, பாக்டீரியா கொண்டாடும்.

கிருமிநீக்கமும் விதைப்பும்

கலவையை வெப்பம் தாங்கும் பைகளில் தளர்வாக நிரப்பி, ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 பாகையில், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் 40 நிமிடம் வைக்க வேண்டும். திரவ ஊடகத்துக்குப் போதுமான 15 நிமிடம், வெப்பம் மெல்ல ஊடுருவும் திடக்கலவைக்குப் போதாது. சோதனைக் குடுவைகளுக்கு வீட்டுப் பிரஷர் குக்கரும் உதவும். கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறிய பிறகே, காற்று வடிகட்டிய பாதுகாப்பு அறையில் வித்துக் கரைசலைத் தெளித்து, ஒவ்வொரு துகளிலும் படும்படி புரட்டி, ஸ்பிரிட்டால் துடைத்த இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் பரப்புங்கள். அடுக்கின் கனம் 3 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தட்டை ஈரத் துணியாலோ துளையிட்ட அலுமினியத் தாளாலோ மூடலாம். கூடவே, உலர் எடை 10 கிராம், நீர் 15 மில்லிலிட்டர் என்ற அதே விகிதத்தில் 250 மில்லிலிட்டர் கூம்புக் குடுவைகள் சிலவற்றையும் விதைத்து வையுங்கள். நாள்தோறும் ஒரு குடுவையை முழுதாக எடுத்து அளப்பதற்கு அவை வேண்டும்.

வளர்ப்பு

அறை வெப்பம் 30 பாகை, காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல். சொல்வதற்கு இவ்வளவுதான், ஆனால் பூஞ்சை தானே வெப்பம் உமிழ்கிறது என்பதை மறந்துவிட்டால் இரண்டும் கைவிட்டுப் போகும். முதல் நாள் எதுவும் நடக்காததுபோல் தோன்றும். இருபதாம் மணியிலிருந்து நாற்பதாம் மணி வரை இழைகள் வேகமாகப் பரவும்போது தட்டின் நடுப்பகுதி அறையைவிடப் பல பாகை கூடுதலாகச் சூடேறும். வெப்பமானியின் முனையை ஸ்பிரிட்டில் துடைத்து நடுவில் செருகிப் பாருங்கள். 38 பாகையை நெருங்கினால் மின்விசிறியோ, ஈரத் துணியின் வழியே வரும் காற்றோ தேவை. அதற்கும் அடங்காவிட்டால் தூய கரண்டியால் ஒருமுறை கிளறி விடலாம். அடிக்கடி கிளறினால் இழைகள் அறுந்து வளர்ச்சி தடைப்படும். 45 பாகையைத் தொட்ட தட்டிலிருந்து நல்ல நொதியை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாம் நாள் முடிவில் வெண்ணிற இழைகள் துகள்களைப் பின்னி, கலவை ஒரே பாளமாகத் தட்டின் ஓரத்தைவிட்டு விலகத் தொடங்கும். மூன்றாம் நாள் மேற்பரப்பு மஞ்சளாகி, அங்கங்கே கருமை தட்டும். பெக்டினேஸ் பெரும்பாலும் 72 முதல் 96 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைகிறது. உங்கள் கலவையின் உச்ச நேரத்தைச் சோதனைக் குடுவைகளே சொல்லும். தட்டு முழுதும் கரிபோல் கறுக்கும்வரை காத்திருந்தால், நொதி குறைவதோடு, திறக்கும்போது வித்துத்தூள் அறை முழுதும் பறக்கும். பச்சைத் திட்டு, கம்பிபோல் நீளும் சாம்பல் நிற ரோமம், சாராய வாடை, அம்மோனியா நெடியுடன் வழவழப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்தத் தட்டை அப்படியே ஆட்டோகிளேவில் வைத்துக் கொன்று அப்புறப்படுத்துங்கள். கெட்ட பகுதியைச் சுரண்டிவிட்டு மீதியைக் காப்பாற்றப் பார்ப்பது வீண் சிக்கனம்.

வித்துகளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு, ஆஸ்துமா உள்ளவர்களும் நோயெதிர்ப்பு குன்றியவர்களும் இந்த வேலையைச் செய்யவே கூடாது. நொதித்தூளும் அவ்வாறே. தொடர்ந்து சுவாசித்தால் ஒவ்வாமை ஆஸ்துமா வரும் என்பது நொதித் தொழிற்சாலைகளில் நன்கறியப்பட்ட தொழில்நோய். என்-95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம்.

நொதியைப் பிரித்தெடுத்தல்

பாளத்தை உதிர்த்து, பி.எச். 5 உள்ள 50 மில்லிமோலார் அசிட்டேட் அல்லது சிட்ரேட் தாங்கல் கரைசலை (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்), தொடக்க உலர் எடையில் கிராமுக்குப் பத்து மில்லிலிட்டர் வீதம் ஊற்றி, முப்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் குலுக்கியில் வைக்க வேண்டும். மல் துணியில் வடித்துப் பிழிந்து, சாற்றைக் குளிர்நிலையில் நிமிடத்துக்கு 8,000 முதல் 10,000 சுற்றில் பத்து நிமிடம் மையவிலக்கினால், பழுப்பான தெளிந்த நீர் மேலே நிற்கும். அதுவே கச்சா நொதி. இதற்குப் பின் எல்லாமே பனிக்கட்டியின் மேல் நடக்கட்டும்.

திறனை அளத்தல்

மில்லர் 1959-இல் வெளியிட்ட டைநைட்ரோசாலிசிலிக் அமில (டி.என்.எஸ்.) முறையே இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் புழங்குகிறது. ஒரு விழுக்காடு பெக்டின் கரைசல் அரை மில்லிலிட்டருடன், தக்கபடி நீர்த்த நொதி அரை மில்லிலிட்டர் சேர்த்து 50 பாகையில் பத்து நிமிடம் வைத்து, இரண்டு மில்லிலிட்டர் டி.என்.எஸ். ஊற்றி வினையை நிறுத்தி, கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து ஆற்றி, 540 நானோமீட்டரில் நிறச் செறிவைப் படிக்க வேண்டும். பெக்டின் உடைந்தால் கிடைக்கும் காலக்டுரானிக் அமிலத்தைக் கொண்டு முன்பே வரைந்த நேர்கோட்டிலிருந்து, விடுபட்ட ஒடுக்கும் சர்க்கரையின் அளவு கிடைக்கும். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் விடுவிக்கும் நொதி ஓர் அலகு.

மாந்தோலில் வேலை செய்பவர் இங்கே தம்மையே ஏமாற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம். தோலிலிருந்து வந்த சர்க்கரை கச்சா நொதியிலேயே கரைந்திருக்கிறது, டி.என்.எஸ். அதையும் சேர்த்து நிறமாக்கிக் காட்டும். ஆகவே ஒவ்வொரு மாதிரிக்கும், டி.என்.எஸ்.-ஐ முதலில் ஊற்றி நொதியைப் பின்னர் சேர்த்த ஒரு வெற்றுச் சோதனை கட்டாயம். கொதிக்க வைத்துச் செயலிழந்த நொதியைக் கொண்டு இன்னொன்றும் செய்துவிட்டால் ஐயமே இராது. இவற்றைக் கழிக்காமல் எழுதிய அலகு, சர்க்கரையின் அளவே தவிர நொதியின் அளவன்று.

எடுத்துக்காட்டாக, வெற்றைக் கழித்த பின் 291 மைக்ரோகிராம் காலக்டுரானிக் அமிலம் கிடைத்ததாகக் கொள்வோம். அதன் மூலக்கூறு எடை 194 என்பதால் அது 1.5 மைக்ரோமோல். பத்து நிமிடத்தாலும் அரை மில்லிலிட்டராலும் வகுத்தால் 0.3, இருபது மடங்கு நீர்த்திருந்தால் மில்லிலிட்டருக்கு 6 அலகு. பத்து கிராம் உலர் பொருளுள்ள குடுவையில் ஊற்றியது 100 மில்லிலிட்டர், ஏற்கெனவே இருந்த ஈரம் 15, ஆக மொத்தத் திரவம் 115. எனவே 690 அலகு, கிராமுக்கு 69. வாங்குபவரிடம் பேசும்போது அலகோடு பி.எச்., வெப்பம், பயன்படுத்திய பெக்டின் ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். அவை மாறினால் எண்ணும் மாறும்.

செறிவூட்டலும் சேமிப்பும்

ஆய்வுக்காக என்றால், 0 பாகையில் லிட்டருக்கு 516 கிராம் அம்மோனியம் சல்பேட்டைச் சிறிது சிறிதாகக் கரைத்து 80 விழுக்காடு நிறைவுக்குக் கொண்டுவந்து, வீழ்படிவைச் சேகரித்து, டயாலிசிஸ் பையில் உப்பை நீக்கலாம். வணிகத்துக்கு இது தேவையில்லை. சாறு தெளிவிப்பதற்குத் தூய ஒற்றை நொதியைவிட, பெக்டினைச் சிதைக்கும் பாலிகாலக்டுரோனேஸ், பெக்டின் எஸ்ட்ரேஸ் ஆகிய நொதிகளும் சிறிதளவு செல்லுலேஸும் கலந்த கச்சாவே உதவும். நொதியை நிறுத்தி நீரை மட்டும் விடும் 10 கிலோடால்டன் சவ்வு வழியே நீரைக் குறைத்து, கிளிசரால் சேர்த்து 4 பாகையில் வைப்பது சிறுதொழிலுக்குப் போதும். எடுத்த நாளிலும், பின்னர் வாரந்தோறும் அளந்து, எத்தனை வாரத்தில் எவ்வளவு குறைகிறது என்ற அட்டவணையைக் கையில் வைத்திருங்கள்.

கூழில் சோதனை

கூழை 45 முதல் 50 பாகைக்குச் சூடாக்கி, நொதி சேர்க்காத ஒரு கிண்ணத்தோடு மூன்று வெவ்வேறு அளவுகளில் நொதி சேர்த்த மூன்று கிண்ணங்களையும் இரண்டு மணி நேரம் வைத்து ஒப்பிடலாம். ஒரே புனலில் ஊற்றி, இறங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தாலே கொழகொழப்புக் குறைந்தது தெரியும். பெக்டின் மீதமிருக்கிறதா என்று அறிய, வடித்த சாறு ஒரு பங்குக்கு அமிலம் சேர்த்த எத்தனால் இரண்டு பங்கு கலந்து கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். திரிதிரியாக மிதந்தால் பெக்டின் இன்னும் இருக்கிறது. வேலை முடிந்ததும் 90 பாகைக்குச் சூடாக்கினால் நொதி செயலிழக்கும். பெக்டின் எஸ்ட்ரேஸ் சிறிதளவு மெத்தனாலை விடுவிக்கும் என்பதாலும், விகாரத்தின் நச்சுச் சோதனை முடியாமல் இருப்பதாலும், இந்தச் சோதனைக் கூழை யாரும் சுவைத்துப் பார்க்கக் கூடாது. உணவு ஆலைக்கு விற்பதானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளும் உரிமமும் முதலில், விற்பனை அதற்குப் பிறகு.

நொதி எடுத்த சக்கையில் உயிருள்ள வித்துகள் ஏராளம். அதை ஆட்டோகிளேவில் அவித்து, வைக்கோலும் சாணமும் சேர்த்து மட்க வைத்தால் தோட்டத்துக்கு உரமாகும். நச்சுச் சோதனை செய்யாத சக்கையை மாட்டுக்குப் போட வேண்டாம், பால்காரர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.